அத்தியாயம் 7: பழைய கணினியிலிருந்து 12 வோல்ட்

பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு 12 வோல்ட் எவ்வளவு கனம் என்று தெரியும். சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய கார் பேட்டரியின் கனம் அது. லயத்துக்கு மின்சாரம் கொடுத்த தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம்தான் ஓடும். அது நின்ற பிறகும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் படம் பார்க்க வேண்டுமானால் பேட்டரிதான் கதி. அப்பா அதைப் பட்டணத்துக் கடையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு மறுநாள் பால் வெட்டு முடிந்து போய் எடுத்து வருவார். திரையில் படம் நான்கு பக்கமும் சுருங்கத் தொடங்கினால் பேட்டரி இறங்குகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பேராக்கில் மின்சாரம் இல்லாமல் இல்லை. பேராக் ஆற்றின் குறுக்கே கட்டிய செண்டரோ அணை 1930இலேயே மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. அந்த மின்சாரம் முதலில் போனது கிந்தா பள்ளத்தாக்கின் ஈயலம்பங்களுக்கு. லயங்களுக்குக் கம்பி வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று எல்பில், ஹீவூட் போன்ற தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் நிற்கின்றன. பால்மரம் இருந்த நிலத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. அங்கிருந்து தாமான்களுக்குக் குடிவந்த நம் வீடுகளில் சுமார் 240 வோல்ட் இரவும் பகலும் இருக்கிறது. ஆனால் மின்னணுவியல் பழகும் பிள்ளைக்கு வேண்டியது அந்த 240 அல்ல. பள்ளியில் ரேகா பென்தோக் (வடிவமைப்பு) பாடத்துக்குச் செய்யும் சின்ன சர்க்கிட், பழைய கார் ரேடியோ, சாமி மேடைக்கு ஒட்டும் எல்இடி பட்டை, குட்டி ஆம்ப்ளிஃபயர் எல்லாமே 12 அல்லது 5 வோல்ட்டில் ஓடுபவை. அந்த மின்சாரத்தைத் தரும் கருவி, வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு பெட்டியாக மாற்றுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

எதை எடுப்பது

கணினியின் பின்பக்கம் மின்வயர் செருகும் இடத்தில், நான்கு திருகாணிகளால் பிடித்திருக்கும் தகரப் பெட்டியே பவர் சப்ளை. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறைப்படி செய்தவைதான் அதன் பிறகு வந்த மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இருக்கின்றன. மூடிவிட்ட சைபர் கஃபேக்களின் கணினிகள், அலுவலகங்கள் கழித்துக்கட்டியவை, ஈப்போ யிக் ஃபூங் வளாகத்துக் கணினிக் கடைக்காரர்கள் ஓரமாகப் போட்டு வைத்தவை, ஞாயிற்றுக்கிழமை காலைப் பழம்பொருள் சந்தையில் விரித்திருப்பவை என்று இதற்குப் பஞ்சமே இல்லை.

வாங்கும் முன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மொத்த வாட்டை நம்பாதீர்கள். 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். மிகப் பழைய பெட்டிகள் தங்கள் சக்தியில் பெரும்பகுதியை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் வைத்திருக்கும். நமக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இருந்தாலே தாராளம். கையில் தூக்கிப் பாருங்கள். 500 வாட் என்று எழுதியிருந்தும் வெற்று டின் போல லேசாக இருந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள். காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். உருளைக் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ பழுப்பு நீர் கசிந்திருந்தாலோ வேண்டாம். 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் வந்த பல கெபாசிட்டர்களுக்கு இந்த நோய் உண்டு.

சில பெட்டிகளின் பின்னால் 115, 230 என்று எழுதிய சிவப்பு நகர்விசை இருக்கும். அது 230இல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும். அது 115இல் இருப்பதைக் கவனிக்காமல் நானே ஒருமுறை விசையைத் தட்டினேன். துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம். அறை முழுக்கப் புகை. பெட்டி அதோடு செத்தது. 230 பக்கம் தள்ளி, அது மறுபடி நகராதபடி மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.

பெட்டியைத் திறக்காதீர்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பல வழிகாட்டிகள் தகரப் பெட்டியைப் பிரித்து, அதன் உடம்பிலேயே துளை போட்டு, முனைகளைப் பொருத்தச் சொல்கின்றன. நான் அதை ஏற்கவில்லை. சுவரிலிருந்து வரும் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது ஏறத்தாழ 340 வோல்ட் ஆகிறது. புது வகைப் பெட்டிகள் சிலவற்றில் 380 வரை போகும். பெரிய கெபாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே நிற்கலாம். அதை வடித்துவிடும் ரெசிஸ்டர் கெட்டுப்போயிருந்தால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. தகரத்தில் துளை போட்டால் விழும் இரும்புத் தூளில் ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் போதும், அந்த 340 வோல்ட் நீங்கள் தொடும் முனைக்கு வழி கண்டுபிடித்துவிடும்.

பெட்டிக்கு வெளியே வரும் வயர்களில் எதுவும், நிலத்தோடு (பூச்சிய வோல்ட்) ஒப்பிட்டால், 12 வோல்ட்டைத் தாண்டாது. நமக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. எனவே பெட்டியின் மூடியில் திருகாணி ஒன்றைக்கூடக் கழற்றாமல் முழு வேலையையும் வெளியே முடிக்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

அதற்கு முன் எர்த். தோட்டத்து வீடுகளிலும் பழைய மரவீடுகளிலும் இரண்டு முனைப் பிளக்கைப் பேனா விட்டுத் திறந்து செருகும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்தக் கருவிக்கு அது கூடவே கூடாது. சிரிம் முத்திரை உள்ள மூன்று முனை வயரையே பயன்படுத்துங்கள். பிளக்கைச் சுவரில் செருகாமல் கையில் வைத்துக்கொண்டு, மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முள்ளைப் பிளக்கின் நீண்ட முனையிலும் மறு முள்ளைப் பெட்டியின் வண்ணம் பூசாத திருகாணியிலும் வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். வயர் சரியாக இருந்தாலும் வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. பழைய வீடானால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட்டு ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். டிபி பெட்டியில் ஆர்சிசிபி இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்றும் பாருங்கள்.

பிளக்குக்குள் இருக்கும் 13 ஆம்பியர் பியூஸை எடுத்துவிட்டு 5 ஆம்பியர் போடுங்கள். 300 வாட் பெட்டி முழுச் சுமையிலும் 5 ஆம்பியருக்குக் குறைவாகவே இழுக்கும்.

வயர்களைப் படிப்பது

கறுப்பு எல்லாம் நிலம், அதாவது பூச்சிய வோல்ட். மஞ்சள் 12. சிவப்பு 5. ஆரஞ்சு 3.3. நீலம் மைனஸ் 12. அதில் மிகக் குறைந்த ஆம்பியரே கிடைக்கும், தாளில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊதா, கணினி அணைந்திருக்கும்போதும் வந்துகொண்டே இருக்கும் 5 வோல்ட். சாம்பல், உள்ளே எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்லும் அடையாள வயர். பச்சைதான் சாவி. பச்சையை ஏதாவது ஒரு கறுப்போடு சேர்த்தால் பெட்டி விழிக்கும், பிரித்தால் தூங்கும்.

நிறத்தை மட்டும் நம்பி இணைக்க வேண்டாம். பெயர் பெற்ற சில கணினிகள் ஒரே மாதிரிப் பிளக்கை வைத்துக்கொண்டு உள்ளே வயர்களை மாற்றிக் கட்டியிருந்தன. புதிதாக வரும் சில பெட்டிகளில் எல்லா வயரும் கறுப்பு. இன்டெல் பின்னர் கொண்டுவந்த இன்னொரு முறையில் 10 முனைப் பிளக்கும் 12 வோல்ட்டும் மட்டுமே உண்டு. 5 வோல்ட்டே வராது. எனவே எந்த வயரானாலும் முதலில் மீட்டர், பிறகுதான் சால்டரிங்.

முதல் சோதனை இப்படி. வேறு எதுவும் இணைக்காமல், 24 முனைப் பிளக்கில் பச்சைக்கும் பக்கத்துக் கறுப்புக்கும் இடையே வளைத்த பேப்பர் கிளிப்பைச் செருகுங்கள். அதன் பிறகே சுவர் விசையைத் தட்டுங்கள். விசிறி சுற்ற வேண்டும். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். இந்த எல்லைக்கு வெளியே நிற்கும் பெட்டியை நம்பி எதையும் ஓட்டாதீர்கள். விசிறி ஒரு துடிப்புத் துடித்துவிட்டு நின்றால் பெட்டி கெட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சுமை இல்லாமல் ஓட மறுக்கும் ரகமாக இருக்கலாம். அதற்கு மருந்து கீழே வருகிறது.

கட்டுவது

பவர் சப்ளையின் சொந்த வயர்களை வெட்டாதீர்கள். 24 முனை நீட்டிப்புக் கேபிள் ஒன்று வாங்கி, அதன் ஒரு முனையை வெட்டிப் பயன்படுத்துங்கள். நிறமுள்ள கேபிளாக இருந்தால் வசதி. நாளை இந்தப் பெட்டி செத்தால், கேபிளைக் கழற்றி வேறொரு பெட்டியில் செருகிவிடலாம். நீங்கள் கட்டிய முகப்பு அப்படியே இருக்கும். வெட்டிய முனையில் ஒரே நிற வயர்களை ஒன்றாகச் சேருங்கள். ஆரஞ்சு வயர்களில் ஒன்றையும் தனியாக விடாமல் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். அவற்றில் ஒன்றின் வழியாகத்தான் பெட்டி தன் 3.3 வோல்ட்டைத் தானே அளந்து பார்க்கிறது. சாம்பலுக்கும் நமக்கு வேண்டாத வயர்களுக்கும் தனித்தனியாகச் சுருக்குக் குழாய் போட்டு மூடிவிடுங்கள்.

அடித்தளத்துக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு போதும். பெட்டியின் பின்பக்கம் ஏற்கெனவே உள்ள நான்கு திருகாணித் துளைகளில் அலுமினிய எல் பட்டை ஒன்றைப் பிடித்து, அதைப் பலகையில் இறுக்குங்கள். அசல் திருகாணியை விட நீளமானதைப் போட வேண்டாம். உள்ளே போய் எதையாவது தொட்டுவிடும். முன்பக்கம் ஒரு சிறு பலகையை நிமிர்த்தி நிறுத்தி அதில் பனானா சாக்கெட்டுகளைப் பொருத்துங்கள். மேலே கதவுக் கைப்பிடி ஒன்று. மொத்தமும் மூன்று கிலோவுக்குள் அடங்கும். காற்றுத் துளைகளை மட்டும் எந்தப் பக்கமும் அடைக்கக் கூடாது. நம் ஊர் வெக்கையில் விசிறிதான் அதன் உயிர்.

பச்சைக்கும் கறுப்புக்கும் இடையே ஒரு விசை வேண்டும். அதில் ஓடுவது மில்லிஆம்பியர் அளவுதான் என்பதால் பழைய விளையாட்டுச் சாமானிலிருந்து கழற்றிய விசையும் போதும். ஊதா வயரிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சிவப்பு எல்இடி ஒன்றைப் போடுங்கள். சுவர் மின்சாரம் உள்ளே இருக்கிறது என்று அது சொல்லும். சிவப்பு வயரிலிருந்து அதே மாதிரி ஒரு பச்சை எல்இடி போட்டால், முகப்பு உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். அணைத்துவிட்டோம் என்று நினைத்து வயரைத் தொடும் கைக்கு இந்த இரண்டு விளக்கும் துணை.

இனி அந்த மருந்து. பழைய பெட்டிகள் 5 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு மாடுகள் போல ஓட்டுகின்றன. 12இல் மட்டும் சுமை ஏற்றினால் 12 தாழ்ந்து 5 ஏறும். இதைச் சமன் செய்ய, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 10 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக வையுங்கள். அரை ஆம்பியர் ஓடும். இரண்டரை வாட் சூடாகப் போகும். இரண்டரை வாட்தானே என்று சின்ன ரெசிஸ்டர் போட்டால் அது பிளைவுட்டைக் கருக்கிவிடும். பத்து வாட் ரெசிஸ்டரையும் அலுமினியப் பட்டையில் பிடித்து, வயர்கள் படாதபடி தள்ளி வையுங்கள். அதன் பிறகும் 12 தாழ்ந்தே நின்றால் இன்னொரு 10 ஓமை இதற்குப் பக்கவாட்டில் இணைத்துப் பாருங்கள்.

பியூஸ் இல்லாமல் ஒரு முனையும் வேண்டாம்

தாளில் 12 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 15 ஆம்பியர் வரை போகும் எதையும் அந்தப் பெட்டி நியாயமான சுமை என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் மெல்லிய வயர் 8 ஆம்பியரில் உருகத் தொடங்கினால் அதைப் பற்றிப் பெட்டிக்குத் தெரியாது. ஷார்ட் ஆனால் தானே அணைந்துவிடும் என்று பலர் நம்பியிருப்பது முழுச் சுத்தமான ஷார்ட்டுக்கு மட்டும்தான் பொருந்தும்.

எனக்கு இது ஒரு கோயில் திருவிழாவுக்கு முந்திய இரவில் விளங்கியது. மேடை வளைவுக்கு எல்இடி பட்டை ஒட்டியிருந்தேன். 5 மீட்டர் சுருள் ஒன்று, மீட்டருக்கு 14.4 வாட் ரகம். கணக்குப் போட்டால் 72 வாட், 6 ஆம்பியர். அப்படி இரண்டு சுருளை, மணிக்கம்பி தடிமனே இருந்த ஒரு வயரில் பியூஸ் இல்லாமல் கொடுத்தேன். விளக்குகள் அழகாக எரிந்தன. கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. பட்டுத்துணிக்குப் பின்னால் போன வயரின் தோல் இளகித் தொங்கியது. பக்கத்தில் இருந்த ஒரு தம்பி வாடை பிடித்துச் சொன்னதால் மேடை பிழைத்தது.

கார் உதிரிக் கடையில் கிடைக்கும் பிளேடு பியூஸும் அதன் தாங்கியும் இதற்குப் போதும். விலை சில ரிங்கிட்தான். 12 வோல்ட் முனை ஒன்றுக்கு 5 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர். எல்இடிக்கு என்று தனி முனை வைத்தால் குறைந்தது இரண்டு மஞ்சளும் இரண்டு கறுப்பும் சேர்த்து 7.5 ஆம்பியர் பியூஸ் போடுங்கள். ஒரு முனைக்கு ஒரு சுருள்தான். முனையிலிருந்து சுருளுக்குப் போகும் வயர் ஒன்றரை சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

கார் ரேடியோ, சின்ன ஆம்ப்ளிஃபயர், கணினி விசிறி, மீன் தொட்டியின் 12 வோல்ட் பம்ப், சர்க்கிட் பழகும் பலகை எல்லாம் தயக்கமில்லாமல் ஓடும். இடைப்பட்ட வோல்ட் வேண்டுமானால் எல்எம் 2596 கொண்ட குட்டிப் பலகை ஒன்றை 12 வோல்ட் முனையில் இணைத்துத் திருகைத் திருப்பினால் போதும். இரைச்சல் குறைவாக வேண்டும் என்றால் எல்எம் 317 நல்லது. ஆனால் அது சூடாகும், இரண்டு வோல்ட் அளவுக்கு விழுங்கவும் செய்யும். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே 24 வோல்ட் கிடைக்கும் என்பது உண்மைதான். நீலத்தின் மெலிந்த ஆம்பியரை மறந்துவிட்டு அதில் மோட்டார் ஓட்டாதீர்கள்.

கார் பேட்டரியைச் சார்ஜ் செய்ய இதைப் பயன்படுத்தக் கூடாது. தோட்டத்துப் பழக்கத்தில் முதலில் கேட்கும் கேள்வி இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஈய அமில பேட்டரி நிறைய 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வேண்டும், இங்கே 12தான். காலியான பேட்டரி கட்டுப்பாடில்லாமல் இழுக்கும். சுவர் மின்சாரம் போய்விட்டால் பேட்டரியின் மின்சாரம் திரும்பிப் பெட்டிக்குள் பாயும். பேட்டரிக்கு அதற்கென்று உள்ள சார்ஜரை வாங்குங்கள். இரண்டு பவர் சப்ளைகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கவும் கூடாது. இரண்டின் கறுப்பு வயர்களும் எர்த் வழியாக ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கின்றன. இணைத்த கணமே ஷார்ட். அதற்காக எர்த் வயரை வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மோட்டார், ரிலே போன்றவற்றுக்குக் குறுக்கே ஒரு டயோடை எதிர்த்திசையில் போட்டு வையுங்கள். அணைக்கும்போது அவை திருப்பி அடிக்கும் வோல்ட் மற்ற கருவிகளைக் கெடுக்காது.

பேணுதல்

இடி இடிக்கத் தொடங்கினால் விசையை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். மதியத்துக்கு மேல் ஈப்போவைச் சுற்றிய சுண்ணாம்பு மலைகள்மேல் கருமேகம் ஏறுவதைப் பார்த்தாலே எனக்குக் கை பிளக்குக்குப் போகும். பெட்டி தூங்கும்போதும் அதன் பாதி விழித்துத்தான் இருக்கிறது. அந்தச் சூட்டைத் தேடிப் பல்லியும் எறும்பும் உள்ளே குடியேறும். ஒரு பல்லி 340 வோல்ட்டின் மேல் குறுக்கே விழுந்தால் பெட்டி முடிந்தது. பயன்படுத்தாத நாளில் பிளக்கைப் பிடுங்கி, குளிர்ந்த பிறகு, துணிப்பையில் போட்டுக் கட்டி வையுங்கள். ஈரத் தரையில் வைத்து வேலை செய்யாதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை எர்த் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதைப் பிள்ளையிடம் மீட்டரைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர்கள் முதலில் கற்க வேண்டிய அளவீடு அதுதான்.

ஒருநாள் பெட்டி சாகும். விசிறி மட்டும் நின்றிருந்தாலும், திறந்து பழுது பார்க்க ஆசைப்படாதீர்கள். கேபிளைக் கழற்றி வேறொரு பெட்டியில் மாட்டுங்கள். செத்ததைக் குப்பையோடு போட வேண்டாம். மின்னணுக் கழிவை நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாக வைத்திருக்கின்றன. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற சேகரிப்பாளர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். செம்புக்காக வீட்டுக்குப் பின்னால் வயரை எரிக்கும் வழக்கம் நம் கம்போங்குகளில் இன்னும் இருக்கிறது. அந்தப் புகையில் டையாக்சின் இருக்கிறது, அது முதலில் போவது பக்கத்தில் விளையாடும் குழந்தையின் நுரையீரலுக்கு. தயவுசெய்து எரிக்காதீர்கள். வயரோடு அப்படியே கொடுத்துவிடுங்கள்.